ஐம்பதடிப் படகு நடுக்கடலுக்கு ஆகுமா?

கோபிசெட்டிபாளையத்தில் தண்ணீர் என்றால் கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் வந்து வயலில் பாயும் தண்ணீர்தான். கடல் எங்கள் அன்றாடப் பேச்சில் இல்லை. என் தலைமுறைக்குக் கடல் செய்தித்தாள் வழியாகத்தான் வந்தது. 1987 ஜனவரி 10 அன்று ராணுவப் பொறியாளர்களின் ‘திரிஷ்ணா’ பாய்மரப் படகு உலகைச் சுற்றிவிட்டு மும்பை திரும்பிய செய்தியும், அதற்காக அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலையும் எனக்கு நினைவிருக்கின்றன. பிறகு தனியாளாக உலகைச் சுற்றி வந்த 2010இன் திலீப் தோண்டே, 2013இன் அபிலாஷ் டாமி, 2018இல் ‘தாரிணி’யில் சுற்றி வந்த ஆறு பெண் கடற்படை அதிகாரிகள், அதே ஆண்டு செப்டம்பரில் பாய்மரம் ஒடிந்து இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அபிலாஷ் அசைய முடியாமல் கிடந்த அந்த மூன்று நாட்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தபோது ஒரு கேள்விக்கு என்னளவில் விடை கிடைத்தது. கோவை, திருப்பூர் வீட்டுப் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறி, படகு வாங்கி ஓட்டக்கூடிய நிலைக்கு வந்துவிட்ட காலம் இது. தொழிற்சாலையில் அச்சில் வார்த்து, ஒன்றுபோல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் வெளியே வரும் பெரிய கம்பெனிப் படகை நம்பி நடுக்கடலுக்குப் போகலாமா என்பது அந்தக் கேள்வி.

போகலாம். ஆனால் படகை மதிப்பிடும் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. விற்பவர் காட்டும் வரிசையில் நீளம், அறைகளின் எண்ணிக்கை, சமையலறை, வேகம் என்று வரும். படகின் அடிப்பாகம் கடைசியில் வரும், அல்லது வரவே வராது. நடுக்கடலில் முதலில் வர வேண்டியவை நான்கே பொருள்கள்: கீல், சுக்கான், பாய்மரம், தண்ணீர் உள்ளே வரக்கூடிய துளைகள். இந்த நான்கில் ஒன்று போனால் எவ்வளவு வலு மிச்சம் இருக்கும், போனதை உள்ளே இருப்பவர் கையால் எட்டிச் சரிசெய்ய முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் படுக்கையறைக்குள் நுழைய வேண்டும்.

கம்பெனிப் படகு என்றாலே இளப்பமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு ஆதாரத்துக்கு நிற்காது. திரிஷ்ணாவே ஒரு கம்பெனிப் படகு. பின்லாந்தின் நாட்டர் நிறுவனம் வரிசையாகக் கட்டிய ஸ்வான் 37. நம் ராணுவத்தினர் அதை இங்கிலாந்தில் இரண்டாம் கையாகத்தான் வாங்கினார்கள். 37 அடி நீளமுள்ள அந்தப் பழைய படகில், ஆட்கள் மாறி மாறி ஏறி, 1985 செப்டம்பர் 28 அன்று தொடங்கிய சுற்றை முடித்தார்கள். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே ஃபாஸ்ட்நெட் பந்தயத்தைப் புயல் தாக்கியபோது 303 படகுகள் கடலில் இருந்தன. பந்தயத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று. அது கான்டெஸா 32 என்ற வகை. நூற்றுக்கணக்கில் வார்க்கப்பட்ட கம்பெனிப் படகுதான் அதுவும். ஆக அச்சில் வார்ப்பது குற்றமல்ல. எதை வார்த்தார்கள், எதோடு எதை ஒட்டினார்கள் என்பதுதான் விஷயம்.

ஃபாஸ்ட்நெட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அன்று ஆட்கள் கைவிட்டுவிட்டு வெளியேறிய படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை 5 மட்டுமே. மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தபோது கண்டெடுக்கப்பட்டன. படகை விட்டு ரப்பர் தெப்பத்துக்குப் போனவர்களிலோ சிலர் திரும்பவே இல்லை. படகு மிதக்கும் வரை அதற்குள் இருப்பதே உயிருக்குப் பாதுகாப்பு என்று அதன்பின் கடலோடிகளுக்குச் சொல்லித் தரப்பட்டது. அந்த அறிவுரை ஒரு நிபந்தனையோடு வருகிறது: உடற்கூடு முழுசாக இருக்க வேண்டும், கீல் அதோடு ஒட்டி இருக்க வேண்டும்.

கீல் என்பது படகின் அடியில் தொங்கும் கனத்த இரும்பு அல்லது ஈயம். காற்று படகைச் சாய்க்கும்போது திரும்ப நிமிர்த்துவது அதுதான். வார்ப்பிரும்பைவிட ஈயம் ஒன்றரை மடங்கு அடர்த்தி என்பது கோவை ஃபவுண்டரிகளில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்; அதே கனத்தைச் சிறிய உருவில் இன்னும் கீழே வைக்கலாம், துருவும் ஏறாது. விலை குறைய வேண்டும் என்பதால் பல கம்பெனிப் படகுகளில் இரும்பு. அதுகூடப் பெரிய குறை அல்ல. அந்த இரும்பு ஃபைபர் அடித்தளத்தில் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதே கேள்வி. வேகமாகக் கட்ட வேண்டிய தொழிற்சாலையில், குறுக்கும் நெடுக்குமான விட்டங்களைத் தனியாக ஒரு சட்டமாக வார்த்து, அதைக் கொண்டுவந்து உடற்கூட்டுக்குள் பசையால் ஒட்டிவிடுவார்கள். கீல் போல்ட்டுகளின் பாரம் அந்தச் சட்டத்தின் வழியாகப் பரவுகிறது. படகு ஒருமுறை பாறையில் தட்டினால் பசை எங்கோ ஓரிடத்தில் விட்டுப்போகும். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

2014 மே மாதம் ‘சீகி ராஃபிகி’க்கு நடந்தது இதற்குப் பக்கத்தில் வரும் சம்பவம். பெனெட்டோ நிறுவனத்தின் ஃபர்ஸ்ட் 40.7 வகைப் படகு. ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கிழக்கே எழுநூறு மைலுக்கு அப்பால் கீல் கழன்று விழுந்தது. நான்கு பேர் மாண்டார்கள். கீல் இல்லாத உடற்கூடு கவிழ்ந்து மிதந்தபடி பிறகு கண்ணில் பட்டது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, முன்பு அந்தப் படகு தரை தட்டியதும், பின்பு செய்யப்பட்ட பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் பிடிப்பைத் தளர்த்தியிருக்கலாம் என்றது. உடற்கூட்டோடு ஒட்டிய சட்டம் விட்டுப்போயிருந்தால் அதைக் கண்டுபிடிப்பதே கடினம் என்பதையும் அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது. எனக்கு மிகவும் கவலை தந்த வரி அது. ஒரு குறை இருப்பதைவிட, இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முடியாத அமைப்பு ஆபத்தானது.

பழைய லாரி வாங்கப் போகும் சங்ககிரிக்காரர் பெயின்டில் மயங்குவதில்லை. கீழே சாக்கை விரித்துப் படுத்து, சேசிஸில் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். படகுக்கும் அதே கண் வேண்டும். கிரேனில் தூக்கி நிறுத்திய படகில், கீலும் அடித்தளமும் சேரும் கோட்டில் முன்முனையும் பின்முனையும் முதலில் பார்க்க வேண்டியவை. தரை தட்டிய படகில் அங்கேதான் மயிரிழை விரிசல் ஓடும். உள்ளே வந்து தரைப் பலகைகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு போல்ட்டின் கழுத்திலும் பழுப்புக் கறை இறங்கியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் சட்டத்தின் ஓரம் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், பசை பிடித்திருக்கும் இடம் கணீரென்றும், விட்டுப்போன இடம் பொத்தென்றும் சொல்லும். பலகையே எடுக்க வராதபடி மேலே தளவாடம் வைத்துக் கட்டியிருந்தால், அந்தப் படகு நடுக்கடலுக்கு ஆகாது என்று அங்கேயே எழுந்து வந்துவிடலாம். சுக்கானைக் கீழ்முனையில் இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஆட்டம் கண்டால் பேரிங் தேய்ந்துவிட்டது. தூக்கி நிறுத்திப் பல நாளாகியும் அதன் அடியில் பழுப்புத் தண்ணீர் கசிந்தால், உள்ளே உலோகச் சட்டம் துருவேறிக்கொண்டிருக்கிறது.

சுக்கான் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இன்றைய பெரிய கம்பெனிப் படகுகளில் சுக்கான் எந்தத் தாங்கலும் இல்லாமல் ஒற்றைத் தண்டில் தொங்குகிறது. திருப்ப லேசாக இருக்கும், துறைமுகத்துக்குள் ஓட்ட அருமை. மிதக்கும் மரக்கட்டையோ தப்பிய கன்டெய்னரோ தட்டினால் தண்டு வளைந்துவிடும், சில நேரம் தண்டோடு படகின் அடியும் கிழியும். ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் 2020 முதல் ஓர்க்கா திமிங்கிலங்கள் படகுகளின் சுக்கானைக் குறிவைத்து முட்டி உடைப்பதும், சில படகுகள் மூழ்கிப்போனதும் இந்தப் பலவீனத்தை எல்லோர் கண்ணிலும் காட்டின. சுக்கான் தண்டு வரும் பின்பகுதியைத் தண்ணீர் புகாத தடுப்புச் சுவர் மற்ற பகுதியிலிருந்து பிரிக்கிறதா என்பதை வாங்குமுன் கேட்க வேண்டும். கெட்டியான படகிலும் இது நேரும். 2018 ஏப்ரலில் தாரிணி, கேப்டவுனிலிருந்து கோவா திரும்பும் வழியில், சுக்கான் இயக்கம் கெட்டுப்போய், திட்டத்தில் இல்லாத மொரீஷியஸில் போர்ட் லூயிக்கு ஒதுங்கியது. அந்த ஆறு பேரும் அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள், பழுது பார்த்து மே 21 அன்று வீடு திரும்பினார்கள். கெட்டுப்போகும் என்று எதிர்பார்த்துக் கட்டிய, பழகிய படகு என்பதால் அது ஒரு தாமதத்தோடு முடிந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும். கம்பெனிப் படகில் ‘ஏ’ பிரிவுச் சான்றுத் தகடு பதித்திருக்கிறதே, ஐரோப்பிய விதிப்படி பெருங்கடலுக்கு உகந்தது என்பதுதானே அதன் பொருள் என்பார்கள். அந்தத் தகடு சொல்வதை முழுசாகப் படிக்க வேண்டும். காற்றின் வேக அளவுகோலில் எட்டாம் எண் காற்றையும் நான்கு மீட்டர் அலையையும் தாண்டிய நிலைகளுக்கு வடிவமைக்கப்பட்டது என்கிறது. புயல், சூறாவளி போன்ற அசாதாரண நிலைகளை விலக்கியும் வைக்கிறது. ஆலையை விட்டு வெளியே வரும் நாளில் அந்தப் படகு எப்படி இருந்தது என்பதற்கே அது சாட்சி. பத்து வருடம் வாடகைக்கு ஓடி, மூன்று முறை தரை தட்டி, இரண்டு கைகள் மாறிய பிறகு அதன் போல்ட்டுகள் எப்படி இருக்கின்றன என்று தகடு சொல்லாது. சான்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதை நுழைவுச் சீட்டாக வைத்துக்கொள்ளலாம், தேர்ச்சிப் பட்டியலாக அல்ல.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. 1986 முதல் ஒவ்வோர் ஆண்டும் கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கூட்டமாகப் புறப்பட்டு, சுமார் 2,700 கடல் மைல் தாண்டிக் கரீபியன் போய்ச் சேர்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை சாதாரணக் கம்பெனிப் படகுகள். குடும்பத்தோடு, குழந்தைகளோடு போகிறார்கள். அப்புறம் எதற்கு இந்தப் பயம்? உண்மைதான். ஆனால் அந்தப் பாதை நவம்பர், டிசம்பரில், வியாபாரக் காற்று முதுகில் இருந்து தள்ள, கீழ்நோக்கிப் போகும் பாதை. அங்கே படகு தன் வாழ்வில் சந்திக்கும் மிக மோசமான நாளைச் சந்திக்க வாய்ப்புக் குறைவு. அந்தப் பாதை மட்டும் போதும், வெப்ப மண்டலத்திலேயே சுற்றப்போகிறேன், புயல் பருவத்தில் துறைமுகத்தில் இருப்பேன் என்பவருக்கு, அடி பார்த்து வாங்கிய நல்ல கம்பெனிப் படகு தாராளமாகப் போதும். இதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். தெற்கே நாற்பதாம் அட்சரேகைக்குக் கீழே போக நினைப்பவர், அட்லான்டிக்கை வடக்கு வழியாகத் திரும்பிக் கடக்க நினைப்பவர், இந்த ஊர்வலத்தைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. சீகி ராஃபிகி மாண்டது அந்தத் திரும்பும் வழியில்தான்.

மூன்றாவது, பெரிய படகு என்றால் கூடுதல் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. படகின் நீளத்தில் ஏறத்தாழ 60 சதம் உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால் எந்தப் படகும் புரளும் என்று தொட்டிச் சோதனைகள் காட்டின. 36 அடிப் படகைப் புரட்ட ஆறரை மீட்டர் அலை வேண்டும். 56 அடிக்குப் பத்து மீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய அலைகள் அபூர்வம். நீளம் கூடினால் வேகமும் கூடும்: நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் ஆறே முக்கால் நாட் அளவில் நிற்கும், 45 அடி என்றால் ஒன்பது. கெட்ட வானிலையை முன்னறிந்து ஒதுங்க அது உதவும். மறு பாதி என்னவென்றால், நீளம் கூடும்போது எடை அதைவிடப் பல மடங்கு வேகத்தில் கூடுகிறது. ரஸ்லர் 36 என்ற 36 அடிக் கம்பெனிப் படகு ஏறத்தாழ ஏழரை டன். நம் கடற்படையின் 56 அடிப் படகு ‘மாதேயி’ 23 டன். நீளம் ஒன்றரை மடங்கு, எடை மூன்று மடங்கு. பாயை இழுக்கும் கயிற்றில், நங்கூரச் சங்கிலியில், சுக்கான் தண்டில் எல்லாம் அந்தக் கூடுதல் பாரம் உட்கார்ந்திருக்கிறது. மனிதனின் கை மட்டும் அதே அளவில் இருக்கிறது. அதனால்தான் பெரிய படகுகளில் மின்சார வின்ச், பாய்மரத்துக்குள் சுருண்டுகொள்ளும் பாய், ஹைட்ராலிக் சாதனங்கள். மின்சாரம் இருக்கும் வரை கணவனும் மனைவியும் ஐம்பதடிப் படகை ஓட்டலாம். உப்புத் தண்ணீர் பாட்டரியை எட்டிய இரவில், பாதி சுருண்டு சிக்கிக்கொண்ட அறுபது சதுர மீட்டர் பாயை இருவர் கையால் என்ன செய்ய முடியும் என்பதை வாங்குமுன் நினைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் அகலமும் அப்படித்தான். துறைமுகத்தில் கூடம்போல விரியும் இடம், முப்பது பாகை சாய்வில் பிடிமானம் இல்லாத பள்ளம். குறுக்கே தூக்கி எறியப்பட்டால் எதிர்ச்சுவர் வரை போய்த்தான் நிற்க வேண்டும். கைப்பிடிகள் இல்லாத அகலத்தை நான் வசதிக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

கையால் எட்டிச் சரிசெய்வது என்றால் என்ன என்பதற்கு அபிலாஷ் டாமியின் இரண்டு பயணங்களே போதும். தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் பந்தயத்தில் 2018இல் அவர் ஓட்டிய ‘துரியா’ கோவாவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் கடலோடி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் பழைய ‘சுஹைலி’யைப் போன்ற படகு. செப்டம்பர் 21 அன்று பெர்த்துக்கு மேற்கே ஆயிரத்து தொள்ளாயிரம் கடல் மைல் தூரத்தில் கவிழ்ந்து பாய்மரங்கள் போயின. அவர் முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அரக்கோணத்தில் தளம் கொண்ட நம் கடற்படையின் பி-8ஐ வகை விமானம் போய்ப் படகைக் கண்டது. பிரான்சின் ‘ஒசிரிஸ்’ கப்பல் 24ஆம் தேதி அவரை மீட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே பந்தயத்துக்கு ‘பயானத்’ என்ற ரஸ்லர் 36 படகில் போனார். அது கம்பெனிப் படகு. வழியில் காற்றுவிசைச் சுக்கான் கருவியின் பாகங்கள் உடைந்துபோனபோது, கழிவறைக் கதவை அறுத்து மாற்றுப் பாகம் செய்துகொண்டார். 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அந்தக் கருவி கைக்கு எட்டும் இடத்தில், மரத்துண்டால் ஈடுகட்டக்கூடிய எளிமையில் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. மின்பலகையில் எரிந்துபோன சில்லுக்குக் கதவு உதவாது.

அப்படியானால் பழைய காலக் கனத்த படகே சரணம் என்று ஒரு கூட்டம் சொல்லும். அதையும் ஏற்க முடியவில்லை. அதே 2022 பந்தயத்தில் தபியோ லேடினனின் ‘ஆஸ்டீரியா’, நீளக் கீல் கொண்ட பழைய வடிவம், இந்தியப் பெருங்கடலில் சில நிமிடங்களில் மூழ்கியது. 2018இல் சூசி குடாலின் ரஸ்லர் 36 முன்குப்புறப் புரண்டு பாய்மரத்தை இழந்தது. அதே வகைப் படகில் ஜான்-லுக் வான் டென் ஹீட் அந்தப் பந்தயத்தையே வென்றார். குடாலின் படகில் பாய்மரம் போனாலும் உடற்கூடு நின்றது, சரக்குக் கப்பல் வந்து ஏற்றிக்கொள்ளும் வரை அவர் உள்ளே உயிரோடு இருந்தார். நம்மவர்கள் கட்டிய மரக்கலத்துக்கும் இதில் இடம் உண்டு: வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் கிளவுஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. உடைந்ததை உளியும் வாச்சியும் கொண்டு செப்பனிடக்கூடிய கலம் அது. அதற்காக இன்று எல்லோரும் மரத்துக்குத் திரும்ப முடியாது. அந்தத் தச்சர்களும் இல்லை. ஃபைபர் படகிலும் எட்டும்படி வைக்கலாம், மாற்றும்படி வைக்கலாம். மாதேயியும் தாரிணியும் அதற்குச் சான்று. டச்சு நிறுவனமான வான் டி ஸ்டாட்டின் டோங்கா 56 என்ற ஆயத்த வரைபடத்தை வைத்து, மரத்தின் மேல் ஃபைபர் போர்த்திக் கோவாவின் அக்வேரியஸ் கட்டுதளத்தில் உருவானவை அவை.

56 அடித் தாரிணியை இரண்டே பேர் சுற்றிக் கொண்டுவரவில்லையா என்பது கடைசி மறுப்பு. கொண்டுவந்தார்கள். கோழிக்கோட்டின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். ஒரு தமிழ்ப் பெண் அந்தச் சுக்கானைப் பிடித்தார் என்பதில் எனக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதற்கு முன் மூன்று ஆண்டுகளில் அவர்கள் கடலில் ஓட்டிப் பழகிய தூரம் 38,000 கடல் மைல். ஃப்ரீமான்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் படகைச் சோதித்துச் செப்பனிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்துப் பெரிய படகு வாங்குபவர், படகின் நீளத்தோடு அந்தப் பழக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். எங்கள் பகுதிக்குப் பக்கத்தில் உள்ள படகுத்துறை கொச்சி போல்காட்டியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு முழுப் பருவம், மின்சார வின்ச்சை அணைத்துவிட்டு, தானியங்கிச் சுக்கானைத் தொடாமல், அவசரச் சுக்கான் பிடியைப் பொருத்தி மேற்குக் கரையோரம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பிடியைப் பொருத்தவே கட்டிலின் மெத்தையைத் தூக்க வேண்டியிருக்கும் படகுகள் பல இருக்கின்றன. அதை இருட்டில், ஆடும் படகில், கால் மணி நேரத்துக்குள் பொருத்த முடியவில்லை என்றால் அந்த ஆண்டு பெருங்கடலுக்குப் போக வேண்டாம்.